சுழலும் இயந்திரம் இலவச மின்சாரம் தருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டாரால் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்றை வேகமெடுக்க வைத்து, அந்தச் சக்கரத்தால் ஆல்டர்னேட்டரை (சுழற்சியை மின்சாரமாக்கும் கருவி) ஓட்டி, அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு "இனி கரண்ட் பில்லே கிடையாது" என்று காட்டும் வீடியோக்கள் தமிழிலும் நிறைய வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எதையாவது தானே செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்களுடைய பணமும் உழைப்பும் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நேரடியாகச் சொல்லுங்கள். முடியுமா, முடியாதா?

முடியாது. சக்கரம், நெம்புகோல், ஸ்பிரிங், எடை, காந்தம், கியர் ஆகியவற்றை எப்படிச் சேர்த்துக் கோத்தாலும், உள்ளே போன ஆற்றலைவிடக் கூடுதலாக வெளியே வராது. உராய்வு, சூடு, சத்தம் என்று ஒரு பகுதி கழிந்து, போட்டதைவிடக் குறைவாகத்தான் வரும். வெயில், காற்று, ஓடும் நீர், கடல் ஏற்றவற்றம் போன்ற ஏதாவது ஒன்று வெளியிலிருந்து வந்து தள்ளினால் அது வேறு கணக்கு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஃப்ளைவீல் வீடியோவில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பல்பு எரிகிறதே?

எரியத்தான் செய்யும். ஃப்ளைவீல், அதாவது அந்தக் கனமான சக்கரம், ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. நிரப்பிய அளவுக்குத்தான் திறந்துவிட முடியும்.

கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ எடை, 1 மீட்டர் விட்டம் உள்ள இரும்புத் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது. பார்க்கப் பயமாகவே இருக்கும். ஆனால் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 6,170 ஜூல்தான். 1000 வாட் அயர்ன் பாக்ஸை மாட்டினால், துளி இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 6 விநாடியில் தீர்ந்துவிடும். அதே ஆற்றலில் 9 வாட் எல்இடி பல்பு 11 நிமிடம் வரை எரியலாம். வீடியோக்களில் அயர்ன் பாக்ஸைக் காட்டாமல் எல்இடி பல்பையே காட்டுவதற்குக் காரணம் இதுதான். வேகத்தை 1500 சுற்றாக உயர்த்தினால் ஆற்றல் 25 மடங்காகும். ஆனாலும் அயர்ன் பாக்ஸுக்கு இரண்டரை நிமிடத்துக்குத்தான் காணும். இத்தனைக்கும் அந்த வேகத்தில் தட்டின் விளிம்பு மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். வெல்டிங்கில் ஒரு சின்னக் குறை இருந்தாலும் தட்டு பிய்ந்துகொண்டு சுவரைத் துளைத்துவிடும். தயவுசெய்து வீட்டுக்குள் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

சக்கரம் நிற்பதற்குள் ஆல்டர்னேட்டர் கரண்டையே மோட்டாருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால்?

எல்லாரும் வந்து நிற்கும் இடம் இதுதான். நல்ல சிறிய மோட்டாரின் செயல்திறன் 85 சதவீதம், இரண்டு பெல்ட்டும் தலா 95, ஆல்டர்னேட்டர் 85 என்று தாராளமாகவே போடுங்கள். மோட்டாருக்கு 100 கொடுத்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து 65 வரும். அந்த 65-ஐத் திருப்பிக் கொடுத்தால் 42. அடுத்த சுற்றில் 27. இன்னும் ஒரு பல்புகூட மாட்டவில்லை, அதற்குள்ளேயே இந்த நிலை.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயமும் உண்டு. ஆல்டர்னேட்டரில் எதையும் மாட்டாதவரை அது லேசாகச் சுழலும். பல்பை மாட்டிய நொடியிலேயே கனமாகிவிடும். கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயத் தொடங்கியதும், அது உண்டாக்கும் காந்தப்புலம் சுழற்சியை எதிர்த்துப் பிடிக்கிறது. 1834-இல் ஹைன்ரிச் லென்ஸ் சொன்ன விதி இது. பழைய சைக்கிள் டைனமோவை டயரில் சாய்த்து மிதித்தவர்களுக்குக் காலே இதைச் சொல்லியிருக்கும். எவ்வளவு கரண்ட் எடுக்கிறீர்களோ அவ்வளவுக்குச் சக்கரத்தைப் பிரேக் போடுகிறீர்கள்.

கியர் போட்டு டார்க்கைக் கூட்டலாமே?

டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, கூட்டலாம். அதே அளவுக்கு வேகம் குறையும். டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் திறன், அதாவது வாட். கியர் அந்தப் பெருக்குத்தொகையைக் கூட்டுவதில்லை. கொஞ்சம் தின்றுவிடும்.

அணையில் ஈர்ப்பு விசைதானே மின்சாரம் தருகிறது? அதை வீட்டில் ஏன் பயன்படுத்த முடியாது?

அணையில் நீர் கீழே விழுவது மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. அதை மேலே ஏற்றியது யார்? சூரியன். கடல் நீரை ஆவியாக்கி, மலை உச்சியில் மழையாகக் கொட்டவைத்தது அதன் வெப்பம். ஈர்ப்பு விசை தன்பங்குக்குச் சொந்தமாக எதையும் தருவதில்லை. ஏறும்போது வாங்கியதை இறங்கும்போது திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

நாமே ஏற்றி இறக்கினால் என்ன ஆகும் என்பதைக் கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் பார்க்கலாம். 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் அது. தேவை குறைவான நேரத்தில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இத்தகைய நிலையங்களில் ஏற்றச் செலவானதில் 70 முதல் 80 சதவீதம்தான் திரும்பி வருவது வழக்கம். நஷ்டம் என்று தெரிந்தே செய்கிறார்கள், ஏனென்றால் உச்ச நேர மின்சாரத்துக்கு மதிப்பு அதிகம். உலகின் தேர்ந்த பொறியாளர்கள் பெரிய பெரிய டர்பைன்களை வைத்துக்கொண்டும் நூற்றுக்கு நூறு எடுக்க முடியாத இடத்தில், ஒரு வாளியும் புல்லியும் நூற்றுப்பத்து தரும் என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு: ஒரு டன் எடையை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால்தான் அதில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கான ஆற்றல் சேரும். அதே ஒரு டன்னைப் பத்து மீட்டர் ஆழக் கிணற்றில் மெதுவாக இறக்கினால், ஒரு 9 வாட் பல்பு மூன்று மணி நேரம் எரியும். அப்புறம் அந்த ஒரு டன்னை யாராவது மேலே தூக்க வேண்டும்.

ஒரு பக்கம் எடை கூடுதலாகச் சாயும்படி சக்கரம் செய்தால் அது சுற்றிக்கொண்டே இருக்காதா?

இந்த யோசனைக்கு வயது 850-க்கு மேல். இந்தியக் கணித, வானியல் அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய சித்தாந்த சிரோமணியில், ஆரங்களைக் குழாயாகச் செய்து, பாதியளவு பாதரசம் ஊற்றி அடைத்த சக்கரம் ஒன்றை விவரிக்கிறார். சுற்றும்போது பாதரசம் ஒரு பக்கம் விளிம்புக்கு ஓடும், மறுபக்கம் அச்சுக்கு அருகில் ஒதுங்கும். ஆகவே ஒரு பக்கம் எப்போதும் கனமாக இருக்கும் என்பது எண்ணம். ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டில் வில்லார் த ஒன்னகூர் என்ற பிரெஞ்சுக்காரர் ஏழு சுத்தியல்கள் தொங்கும் சக்கரத்தை வரைந்தார். லியொனார்டோ டாவின்சியும் இப்படிப்பட்ட சக்கரங்களை வரைந்து ஆராய்ந்து, ஓடாது என்ற முடிவுக்கு வந்தார்.

படத்தில் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். இறங்கும் பக்கத்தில் எடைகள் அச்சிலிருந்து தள்ளி நிற்கின்றன, அதனால் அவற்றின் நெம்புவிசை கூடுதல். அது உண்மைதான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அந்தப் பக்கத்தில் இருக்கும் எடைகள் எண்ணிக்கையில் குறைவு. ஏறும் பக்கத்தில் அச்சுக்கு நெருக்கமாக அதிக எடைகள் கூடி நிற்கும். ஒவ்வொன்றின் எடையையும் அச்சிலிருந்து அதன் கிடைத்தூரத்தால் பெருக்கிக் கூட்டினால், சக்கரம் எங்காவது ஒரு நிலையில் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். கையால் தள்ளிவிட்டால் சில சுற்று சுற்றி, கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடி, அந்த நிலையில் போய் நின்றுவிடும்.

எடை எந்த வழியாகப் போனாலும் சரி, ஒரு முழுச் சுற்று முடிந்ததும் புறப்பட்ட உயரத்துக்கே வந்துவிடுகிறது. இறங்கிய உயரமும் ஏறிய உயரமும் சமம். எனவே ஈர்ப்பு விசையிடமிருந்து கிடைத்த வேலையின் மொத்தம் பூஜ்யம். நெம்புகோல், கீல், சங்கிலி என்று எதைச் சேர்த்தாலும் இந்த பூஜ்யம் மாறாது. புது வடிவமைப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அதன் உள்ளே உள்ள ஒவ்வொரு கீலையும் நான் ஆராயத் தேவையில்லாமல் போவது இதனால்தான்.

நெதர்லாந்தின் சைமன் ஸ்டெவின் 1586-இல் இதே சிந்தனையைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். இருபுறமும் வெவ்வேறு சரிவுள்ள முக்கோணத்தின்மேல் குண்டுகள் கோத்த சங்கிலியைப் போட்டதாகக் கற்பனை செய்தார். அது தானாக நகர்ந்தால் என்றென்றைக்கும் நகர வேண்டும், அது நடக்காத காரியம், ஆகவே நகராது என்று வைத்துக்கொண்டு சாய்தளத்தின் விதியைக் கண்டுபிடித்தார். நிரந்தர இயக்கம் இல்லை என்ற நம்பிக்கையிலிருந்தே ஒரு விதி பிறந்தது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று.

காந்தம் எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கிறதே?

மேசையும் தன்மேல் உள்ள புத்தகத்தை எப்போதும் தாங்கித் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. தள்ளுவது மட்டும் வேலை ஆகாது. தள்ளிய திசையில் பொருள் நகர வேண்டும். நிலைக்காந்தம் ஒரு இடத்தில் இழுத்துக் கொடுத்த ஆற்றலை, அந்த இடத்தைவிட்டு விலகும்போது அப்படியே திரும்பக் கேட்கும். நியோடிமியம் காந்தம் வைத்தால் இழுப்பும் வலிமையாக இருக்கும், விலகும்போது பிடிப்பும் அதே அளவு வலிமையாக இருக்கும். காந்த மோட்டார் செய்தவர்கள் எல்லாரும் "அந்த ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொள்கிறது" என்பார்கள். அந்த ஒரு இடத்தில்தான் முழுக் கணக்கும் நேராகிறது.

உராய்வே இல்லாவிட்டால் நிரந்தரமாக ஓடுமா?

ஓடும். ஆனால் மின்சாரம் தராது. மின்தடையே இல்லாத மீக்கடத்தி வளையத்தில் மின்னோட்டம் பல ஆண்டுகள் தேயாமல் சுற்றும். அதிலிருந்து கொஞ்சம் எடுத்தீர்களானால் அந்தக் கொஞ்சம் குறைந்துபோகும்.

பூமி சுற்றிக்கொண்டே இருக்கிறதே?

அதுவும் வேகம் குறைந்துகொண்டுதான் வருகிறது. நிலவு உண்டாக்கும் கடல் ஏற்றவற்றம் பூமியின் சுழற்சியைப் பிடித்து இழுப்பதால், நாளின் நீளம் நூறாண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லி விநாடி கூடுகிறது. நிலவும் ஆண்டுக்கு சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. பிரான்சில் 1966 முதல் இயங்கும் லா ரான்ஸ் ஏற்றவற்ற மின்நிலையத்தின் 240 மெகாவாட்டுக்கு மூலம் பூமியின் இந்தச் சுழற்சிதான்.

வரலாற்றில் உண்மையிலேயே ஓடிக் காட்டியவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். அந்தக் கதைகளைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஏமாற்றும் முறைகள் அதிகம் மாறவில்லை.

ஜெர்மனியின் யோகான் பெஸ்லர், ஆர்ஃபிரேயஸ் என்ற புனைபெயரில், 1712 முதல் தானாகச் சுற்றும் சக்கரங்களைக் காட்டினார். 1717-இல் காசல் நகர் அருகே ஒரு கோட்டையில் சுமார் 12 அடி விட்டமுள்ள சக்கரத்தை ஒரு அறையில் வைத்துப் பூட்டி முத்திரை வைத்தார்கள். 54 நாள் கழித்துத் திறந்தபோதும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. லைப்னிட்ஸ் போன்ற பேரறிஞரே அவருடைய முந்தைய சக்கரம் ஒன்றைப் பார்த்து வியந்தார். ஆனால் சக்கரத்தின் உட்பகுதி தெரியாதபடி துணி போர்த்தியிருந்தது. விலை கொடுத்தால்தான் திறந்து காட்டுவேன் என்பது பெஸ்லரின் நிபந்தனை. 1721-இல் டச்சு இயற்பியலாளர் கிரேவசாண்டே வெளிப்புறத்தையும் அச்சையும் மட்டும் சோதித்தார், மோசடி எதையும் காணவில்லை என்று நியூட்டனுக்கே கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு பெஸ்லர், ரகசியத்தைத் திருடப் பார்க்கிறார் என்று கோபித்துக்கொண்டு சக்கரத்தை உடைத்துப்போட்டார். 1727-இல் அவர் வீட்டுப் பணிப்பெண், பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் மாறி மாறிக் கையால் சுற்றினார்கள் என்று வாக்குமூலம் கொடுத்தார். எல்லாரும் அதை ஏற்கவில்லை, கிரேவசாண்டேவும் ஏற்கவில்லை. என் பார்வையில், உள்ளே பார்க்கவே விடாத சக்கரத்தை நம்பாமல் இருக்கப் பணிப்பெண்ணின் சாட்சிவரை போகத் தேவையில்லை. செங்கல் பெட்டி ஒன்றை அது கயிற்றால் தூக்கியதாகச் சொல்கிறார்கள். ஒரு மனிதக் கை செய்யக்கூடிய வேலைதான் அது.

அமெரிக்காவில் 1812-இல் சார்லஸ் ரெட்ஹெஃபர் பிலடெல்பியாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு இயந்திரத்தைக் காட்டினார், அப்புறம் நகர நிர்வாகத்திடம் பணம் கேட்டார். சோதிக்க வந்த குழுவை ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கவிட்டார். குழுவில் ஒருவருடன் வந்த சிறுவன் ஒன்றைக் கவனித்தான்: கியர் பற்கள் தேய்ந்திருந்த பக்கம் தவறான பக்கம். இயந்திரம் மற்றொரு கருவியை ஓட்டுகிறது என்றார்கள். பற்களின் தேய்மானமோ, அந்தக் கருவிதான் இயந்திரத்தை ஓட்டுகிறது என்று காட்டியது. ஐசையா லூக்கன்ஸ் என்ற பொறியாளரை வைத்து, உள்ளே விசைச்சுருளை ஒளித்து, அதே மாதிரி இன்னொன்று செய்து ரெட்ஹெஃபரிடமே காட்டினார்கள். அவர் நியூயார்க்குக்குப் போனார். அங்கே நீராவிப் படகால் பெயர்பெற்ற ராபர்ட் ஃபுல்டன் வந்து பார்த்தார். சுழற்சி ஒரே சீராக இல்லை, கையால் சுற்றும் கிராங்கைப் போல ஏறி இறங்குகிறது என்று கண்டுகொண்டு பலகையைப் பிடுங்கினார். சுவர் வழியாக ஒரு மெல்லிய பெல்ட் மேல்மாடிக்குப் போனது. அங்கே வயதான ஒருவர் உட்கார்ந்து கிராங்கைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இந்தக் காலத்தில் ஆய்வுக்கூடத்தில் யாரும் அளந்து பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். ஜோசப் நியூமன் என்ற அமெரிக்கர் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டதால் வழக்குப் போட்டார். அந்த நாட்டின் தேசியத் தரநிலை அமைப்பு 1986-இல் அதைச் சோதித்தது. எல்லா நிலைகளிலும் உள்ளே போன திறன்தான் அதிகமாக இருந்தது. அயர்லாந்தின் ஸ்டியோர்ன் நிறுவனம் 2006-இல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து விஞ்ஞானிகளைச் சவாலுக்கு அழைத்தது. அவர்களே அமைத்த நடுவர் குழு 2009-இல், ஆற்றல் உற்பத்தி எதையும் காட்டவில்லை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

விஞ்ஞானிகள் முன்பும் தவறியிருக்கிறார்களே, இந்த விதியும் நாளைக்கு மாறலாமே?

நியாயமான கேள்வி. ஆற்றல் அழிவின்மை, அதாவது ஆற்றலைப் புதிதாக ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்ற விதி, யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்ட சட்டமாக இருந்தால் மாறலாம். ஆனால் அது அளந்து அளந்து வந்தது. ஜேம்ஸ் ஜூல் 1840-களில், எடை விழும்போது தண்ணீருக்குள் துடுப்பு சுழலும்படி செய்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ எடை சுமார் 427 மீட்டர் விழ வேண்டும். காணாமல்போன இயக்கமெல்லாம் சூடாக இருந்தது.

அதற்கும் ஆழமான காரணத்தை ஜெர்மானியக் கணித மேதை எம்மி நோய்தர் 1918-இல் வெளியிட்டார். இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒரே மாதிரி இருந்தால், ஆற்றலின் மொத்தம் மாறாமல் இருந்தே ஆக வேண்டும் என்று நிறுவினார். இப்படி யோசித்துப் பாருங்கள்: ஈர்ப்பு விசை திங்கட்கிழமை குறைவாகவும் செவ்வாய்க்கிழமை அதிகமாகவும் இருந்தால், திங்களன்று எடையைத் தூக்கிச் செவ்வாயன்று இறக்கி லாபம் பார்க்கலாம். எல்லா நாளும் ஒன்றாக இருப்பதால் லாபம் இல்லை. சக்கர இயந்திரம் இலவச ஆற்றல் தர வேண்டுமானால், உங்கள் பட்டறைக்குள் மட்டும் இயற்கை விதி மணிக்கு மணி மாற வேண்டும்.

பெட்ரோல் கம்பெனிகள் மறைக்கின்றன என்கிறார்களே?

இந்தச் சக்கரத்தைச் செய்யத் தேவையானது இரும்பும் பேரிங்கும். அது வேலை செய்யுமானால் எந்த லேத் பட்டறையிலும் செய்துவிடலாம், எந்தக் கம்பெனியாலும் தடுக்க முடியாது. காப்புரிமை மறுப்பதிலும் ரகசியம் இல்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் பிரிவு 3, நன்கு நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. பாரிஸின் அறிவியல் அகாதமி 1775-லேயே இத்தகைய திட்டங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று அறிவித்துவிட்டது.

சாவியே கொடுக்காமல் ஓடும் கடிகாரங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, அவை நேர்மையானவை. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜேம்ஸ் காக்ஸ் செய்த கடிகாரம் காற்றழுத்த மாற்றத்தில் ஓடியது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1864-ஆம் ஆண்டின் பெவர்லி கடிகாரம் வெப்பநிலை, காற்றழுத்த மாற்றங்களால் ஓடுகிறது. சுவிட்சர்லாந்தின் அட்மோஸ் கடிகாரத்துக்கு ஒரு டிகிரி வெப்ப மாற்றம் கிடைத்தால் ஏறக்குறைய இரண்டு நாள் ஓடும். வெளியிலிருந்து வரும் ஆற்றலை இவை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் கிடைக்கும் அளவு மிகமிகக் கொஞ்சம். கடிகாரத்துக்குப் போதும், மின்விசிறிக்குக் காணாது. உங்களுக்கு ஆர்வமிருந்தால் ஆராய வேண்டிய திசை இதுதான் என்பேன்.

வேகத்தடையில் மின்சாரம், கார் கூரையில் காற்றாடி?

வேகத்தடை மின்சாரம் வண்டிக்காரரின் பெட்ரோலில் இருந்து வருகிறது. ஒரு டன் கார் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் 980 ஜூல். இழப்பே இல்லாவிட்டாலும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 3,700 கார்கள் ஏறி இறங்க வேண்டும். ஓடும் காரின்மேல் காற்றாடி வைத்தால் காற்றின் எதிர்ப்பு கூடி, அது தருவதைவிட அதிகமாக எஞ்சின் செலவழிக்கும். கார் நிற்கும்போது வீசும் காற்றில் சுற்றினால் மட்டுமே லாபம்.

ஒருவர் இந்த இயந்திரத்தை விற்க வருகிறார். எப்படிச் சோதிப்பது?

"எத்தனை நாள் ஓடியது" என்று கேட்காதீர்கள். மடிக்கணினி பேட்டரிக்குள் இருப்பது போன்ற ஒற்றை லித்தியம் செல்லில் ஏறக்குறைய 9 வாட்-மணி ஆற்றல் இருக்கும். நல்ல பேரிங் போட்டு மெதுவாகச் சுற்றும் சக்கரத்துக்கு வாட்டில் இருபதில் ஒரு பங்கு போதுமென்றால், விரல் நீளமுள்ள அந்த ஒரு செல்லே அதை ஒரு வாரம் ஓட்டிவிடும். ஆகவே "எத்தனை யூனிட் தந்தது" என்று கேளுங்கள்.

இயந்திரத்தை உங்கள் இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தரையிலிருந்து தூக்கி வைத்து, கீழே, பின்னே, மேசைக் கால்களில் ஒயர் இல்லை என்று பாருங்கள். மோட்டார் பிளக்கை முழுக்கக் கழற்றிய பின் 1000 வாட் ஹீட்டரை மாட்டி, நடுவில் யூனிட் மீட்டர் வைத்து, இரவும் பகலும் ஓடவிடுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் மல்டிமீட்டரில் பார்த்துப் பெருக்கிச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மோட்டார் சுருள்களில் பவர் ஃபேக்டர் (அந்தப் பெருக்குத்தொகையில் நிஜ வாட்டின் பங்கு) குறைவாக இருக்கும்போது அந்தப் பெருக்குத்தொகை நிஜ வாட்டைக் காட்டாது. ஒரு நாளில் 24 யூனிட் மீட்டரில் ஏற வேண்டும். "இன்று ஈரப்பதம் அதிகம்", "பேரிங் மாற்றணும்", "முன்பணம் கொடுத்தால் பெரிய மாடல் செய்கிறேன்" என்று பதில் வந்தால் பணத்தை எடுக்காதீர்கள். வீட்டுப் பெண்களின் நகையை அடகுவைத்து இதில் போடுவது மனதை வலிக்கச் செய்யும் விஷயம். அந்தப் பணத்தில் கூரையில் சோலார் பேனல் வைத்தால் முதல் நாளிலிருந்தே மின்சாரம் வரும்.

என் பிள்ளை பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைச் செய்ய ஆசைப்படுகிறான். விடலாமா?

தாராளமாக. ஓடும் என்று காட்டாமல், ஏன் நிற்கிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு சைக்கிள் சக்கரம், ஒரு டைனமோ, ஒரு சின்ன பல்பு, ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே எடையைக் கயிற்றில் விட்டுச் சக்கரத்தை வேகமெடுக்க வைக்கட்டும், அப்போதுதான் தொடக்க வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். முதலில் டைனமோ படாமல், அடுத்து டைனமோ பட்டும் பல்பு இல்லாமல், கடைசியாகப் பல்பையும் மாட்டி, சக்கரம் நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று மூன்று விதமாகவும் குறிக்கட்டும். ஒவ்வொன்றையும் ஐந்தாறு முறை செய்து சராசரி எடுக்க வேண்டும்.